மலிவின் விலை: பாலக்காட்டுக் கணவாயும் மூணாறு மலையும்

ஒரு வட்டாரத்தின் தொழில்கள் பிற இடங்களில் உருவாகும் பொருள்களைத் தரத்தாலோ விலையாலோ உரிய காலத்தில் கொண்டுசேர்க்கும் திறத்தாலோ முந்திச் சந்தையில் நிலைத்து நிற்கும் ஆற்றலைப் பொருளியலாளர் தொழிற்போட்டித்திறன் என்பர். இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவுசெய்துகொள்ளும்போது வருந்தலைமுறைகளின் வாய்ப்பைக் குலைக்காத வளர்ச்சியை, 1987இல் வெளிவந்த புருண்ட்லாண்ட் ஆணையத்தின் அறிக்கை நிலைபேறான வளர்ச்சி என வரையறுத்தது. முன்னதைத் தொழில்துறையும் பின்னதைச் சுற்றுச்சூழல் துறையும் தத்தம் கோப்புகளில் தனித்தனியே எழுதிவைத்திருந்தாலும், கேரளத்தின் கிழக்கு எல்லையில், பாலக்காட்டின் சமவெளியிலும் இடுக்கியின் மலைகளிலும், இவ்விரண்டும் ஒரே கிணற்றிலும் ஒரே தோட்டத்திலும் சந்தித்துக்கொள்கின்றன. 1991க்குப் பின் இந்தியப் பொருளாதாரம் உலகச் சந்தைக்குத் திறந்துவிடப்பட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் இவ்வெல்லைப் பகுதி கண்டது ஒன்று உண்டு. ஒரு பொருள் மலிவாக உருவாகிறது என்றால் அம்மலிவின் ஒரு பங்கை யாரோ செலுத்தியிருக்கிறார்கள். செலுத்தியவர் யார் என்பதை நிறுவனத்தின் ஐந்தொகை காட்டுவதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் தாழ்ந்து வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய், சாலையும் இருப்புப்பாதையும் மின்கம்பிகளும் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குள் நுழையும் இயல்பான வாயில். கோயம்புத்தூரின் பட்டறைகளும் கொச்சியின் துறைமுகமும் ஒரே நெடுஞ்சாலையில் கைக்கெட்டும் இடமாதலால், வாளையாற்றுக்கும் பாலக்காட்டுக்கும் இடையிலுள்ள கஞ்சிக்கோடு கேரளத்தில் கொச்சிக்கு அடுத்த பெரிய தொழிற்பகுதியாக வளர்ந்தது. 1974இல் நடுவண் அரசின் இன்ஸ்ட்ருமென்டேஷன் நிறுவனம் ஆலைகளுக்கான கட்டுப்பாட்டு வால்வுகளை இங்கே உருவாக்கத் தொடங்கியது. 1984இல் வாளையாற்றில் மலபார் சிமெண்ட்ஸ் உற்பத்தியைத் தொடங்கியது. 1987இல் திரவ, வாயு ஓட்டங்களை அளக்கும் கருவிகளைச் சோதிக்கும் தேசிய ஆய்வு நிலையம் ஒன்று அமைந்தது. இவற்றை ஈர்த்தது அரசின் திட்டம் என்றால், பின்னர் வந்த இரும்பு உருக்காலைகளை ஈர்த்தது கேரளத்தின் மலிவான நீர்மின்சாரம். மின்கட்டணச் சலுகையின் பயன் ஆலைகளுக்குச் சேர்ந்தது. அவற்றின் புகையைப் பற்றிய முறையீடுகள் சுற்றியிருந்த குடியிருப்புகளிலிருந்து பல்லாண்டுகள் எழுந்தவண்ணம் இருந்தன.

எல்லையில் இருப்பது ஒரே நேரத்தில் வசதியாகவும் சுமையாகவும் இருந்தது. வாளையாறு சோதனைச்சாவடியில் சரக்குந்துகள் வரிச் சீட்டுகளோடு மணிக்கணக்கில், சில வேளைகளில் நாள்கணக்கில், காத்துக் கிடந்த காலம் 2017 ஜூலை 1ஆம் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததோடு முடிவுக்கு வந்தது. மாநில எல்லையில் வரி வசூலிக்கும் தேவை நீங்கியதால் இரு பக்கத்து ஆலைகளும் ஒரே சந்தைக்குள் வந்தன. வரி வேறுபாட்டால் பிழைத்த தொழிலுக்கு அந்தப் பாதுகாப்பு போயிற்று. வரி ஒன்றாகிவிட்ட பின் இரு இடங்களுக்கிடையே வேறுபாடாக எஞ்சுபவை நிலம், நீர், மின்சாரம், கூலி, ஊராட்சியின் ஒப்புதல் ஆகியவையே. ஆதலால் தொழிற்போட்டி என்னும் சொல் நடைமுறையில் இவ்வைந்தின் விலையைப் பற்றியதாகச் சுருங்கிவிட்டது. அவ்வைந்திலும் விலையே குறிக்கப்படாமல் நெடுங்காலம் கிடந்தது நிலத்தடி நீர்.

அந்நீரின் கதையைப் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடையில் அல்லாமல் வேறோரிடத்தில் தொடங்க இயலாது. கேரளம் என்றால் ஓயாத மழை என்று எண்ணுவோருக்குச் சித்தூரின் கிழக்குப் பகுதி வியப்பளிக்கும். தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கு மலையின் மேற்குச் சரிவிலேயே தீர்ந்துவிடுவதால் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி போன்ற ஊர்கள், மொழியிலும் மண்ணிலும் மழையிலும், கொங்குநாட்டின் தொடர்ச்சியாகவே இருக்கின்றன. பரம்பிக்குளம் – ஆழியாறு ஒப்பந்தத்தின்படி தமிழ்நாடு ஆண்டுதோறும் விடவேண்டிய 7.25 டி.எம்.சி. நீரை எதிர்நோக்கியே சித்தூர்ப் புழையின் பாசனம் நடக்கிறது. இத்தகைய நிலத்தில், முன்பு பயிர் விளைந்த ஏறத்தாழ 34 ஏக்கரில், இந்துஸ்தான் கொக்கோ கோலா நிறுவனம் 2000ஆம் ஆண்டு மார்ச்சில் குளிர்பான ஆலையைத் திறந்தது. 1977இல் இந்தியாவை விட்டு வெளியேறி, தாராளமயமாக்கலுக்குப் பின் 1993இல் திரும்பி வந்த நிறுவனம் அது. புதிய பொருளாதாரக் கொள்கையின் வெளிப்படையான அடையாளங்களுள் ஒன்றாக அது எண்ணப்பட்டது. மாநில அரசும் ஊராட்சியும் அதை வரவேற்றன.

குளிர்பானத் தொழிலின் முதன்மையான மூலப்பொருள் நீர் என்பதும், புட்டிகளைக் கழுவுவதற்கு மேலும் நீர் வேண்டும் என்பதும் எல்லாரும் அறிந்தவையே. ஆழ்துளைக் கிணறுகள் மூலம் நாளொன்றுக்கு எடுக்கப்பட்ட நீர் ஐந்து லட்சம் லிட்டர் அளவினது என்றது நிறுவனம். அதனினும் பலமடங்கு என்றனர் எதிர்ப்பாளர். ஆலை தொடங்கிய சில மாதங்களிலேயே அண்டைக் கிணறுகளின் நீர்மட்டம் இறங்கியதென்றும், எஞ்சிய நீர் சமைக்கவும் குளிக்கவும் உதவாததாக மாறியதென்றும் அங்கு வாழ்ந்த இரவாளர், மலசர் பழங்குடியினர் கூறினர். அடுத்த கேடு மண்ணில் வந்தது: ஆலைக் கழிவின் வண்டல், உரம் என்ற பெயரில் உழவர்களுக்கு வழங்கப்பட்டது. 2003இல் பி.பி.சி. வானொலி நிகழ்ச்சி ஒன்றுக்காக அவ்வண்டலை இங்கிலாந்தில் ஆய்ந்தபோது அதில் காட்மியமும் ஈயமும் இருப்பது தெரியவந்தது. காட்மியம் சிறுநீரகத்தையும், ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியையும் தாக்கும் நச்சு உலோகங்கள். கழிவை அகற்றும் செலவு நிறுவனத்தின் கணக்கேட்டிலிருந்து நீங்கி உழவரின் வயலில் ஏறியது என்று இதைச் சொல்வது சற்றும் மிகையாகாது. இதனைப் பொருளியலில் புறச்செலவு என்பர். அதாவது, பொருளை விற்றவரும் வாங்கியவரும் தராமல், அவ்வணிகத்தில் பங்கே இல்லாத மூன்றாமவர் சுமக்க நேரும் செலவு.

2002ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள் ஆலை வாயிலின் முன் தொடங்கிய போராட்டத்துக்கு முகமாக விளங்கியவர் இரவாளர் குடியைச் சேர்ந்த மயிலம்மா. எழுத்தறிவில்லாத இப்பெண், தம் வீட்டுக் கிணற்றின் மாற்றத்தைச் சான்றாக முன்வைத்து, உலகின் மிகப்பெரிய வணிகப் பெயர்களுள் ஒன்றைக் கேள்வி கேட்டார். 2003 ஏப்ரலில் பெருமாட்டி ஊராட்சி ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2003 டிசம்பர் 16ஆம் நாள் தனிநீதிபதி வழங்கிய தீர்ப்பு, நிலத்தடி நீர் மக்கள் அனைவருக்கும் உரியது, அரசு அதன் உடைமையாளராக இல்லாமல் மக்களுக்காக அதைக் காத்து நிற்கும் பொறுப்பாளராகவே இருக்கிறது என்னும் பொதுநம்பிக்கைக் கோட்பாட்டைக் கைக்கொண்டது. 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வோ, நிலத்தின் உடைமையாளருக்கு அதன் அடியிலுள்ள நீரின்மேலும் உரிமை உண்டு என்னும் பழைய சட்டப் பார்வையின் வழிநின்று, நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1882இல் இயற்றப்பட்ட வசதியுரிமைச் சட்டத்தில் வேர்கொண்ட அப்பார்வை, கமலையும் ஏற்றமும் இருந்த காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். பாறைக்கடியில் நூற்றுக்கணக்கான அடி இறங்கும் மின்விசைக் குழாய்க்கு வேலிக்கு அப்பாலுள்ள நீரும் ஒன்றுதான் என்பதை அது காணவில்லை.

ஆலை 2004 மார்ச்சில் நின்றது; பின்னர் முழு உற்பத்திக்குத் திரும்பவே இல்லை. மாநில அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் வேளாண்மை, உடல்நலம், நீர்வளம் உள்ளிட்டவற்றில் நேர்ந்த இழப்பை 216.26 கோடி ரூபாய் என மதிப்பிட்டது. இழப்பீட்டை வழங்கத் தனித் தீர்ப்பாயம் அமைக்கும் சட்டமுன்வடிவைக் கேரளச் சட்டமன்றம் 2011 பிப்ரவரியில் ஒருமனதாக நிறைவேற்றியும், அது குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெறாமலே திரும்பி வந்தது. மயிலம்மா 2007 ஜனவரியிலேயே மறைந்துவிட்டார். பிளாச்சிமடையில் ஆலையை மீண்டும் இயக்கும் எண்ணமில்லை என்று 2017 ஜூலையில் நிறுவனம் உச்சநீதிமன்றத்தில் தெரிவித்ததோடு வழக்கு முடிந்தது. ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இயங்கிய ஆலை ஒன்று விட்டுச்சென்ற செலவு, அது மூடி இருபதாண்டுகளுக்குப் பின்னும் தீர்க்கப்படாமல் நிற்கிறது. அந்த 216 கோடியை முதலிலேயே கணக்கில் சேர்த்திருந்தால் அவ்விடத்தில் அவ்வாலை போட்டித்திறன் உள்ளதாகத் தோன்றியிருக்குமா என்பதே பொருளியல் மாணவர் கேட்கவேண்டிய கேள்வி. ஆலை மூடியதால் அதில் வேலை பார்த்தவர்கள் பிழைப்பிழந்தனர் என்பதும் உண்மை. அவ்விழப்பையும் இதே தவறான தொடக்கக் கணக்கின் விளைவாகவே கொள்ளவேண்டும்.

பாலக்காட்டில் கணக்கில் வராமல் போனது நீர் என்றால், இடுக்கியின் மலைகளில் அது மனித உழைப்பு. 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து மூணாற்றைச் சூழ்ந்த கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள், கங்காணிகள் வழியாகத் திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களிலிருந்து அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர். அவர்களுள் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். தொடக்க காலத்தில் மூணாற்றின் தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தின் வழியே கொட்டகுடிக்கு இறக்கப்பட்டுப் போடிநாயக்கனூர் வழியாகத்தான் வெளியுலகை அடைந்தது. 1964இல் டாடா குழுமம் பிரித்தானிய நிறுவனமான ஃபின்லேயோடு கைகோத்தது. 1983இல் டாடா டீ தோட்டங்கள் முழுவதையும் ஏற்றது.

1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்ததும் இந்தியத் தேயிலை தன் மிகப்பெரிய உறுதியான வாடிக்கையாளரை இழந்தது. இலங்கையோடு செய்துகொண்ட தடையற்ற வணிக உடன்பாடு 2000ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. கென்யாவும் வியட்நாமும் குறைந்த செலவில் விளைவித்துச் சந்தைக்கு வந்தன. தொண்ணூறுகளின் இறுதியில் விலை சரிந்தபோது, இதே மாவட்டத்துப் பீர்மேட்டில் பல தோட்டங்களை உடைமையாளர்கள் அப்படியே விட்டுச்சென்றனர். கூலியும் வைப்புநிதியும் பெறாத குடும்பங்கள் ஒழுகும் லயங்களில் தங்கிவிட்டன. லயம் என்பது தோட்டத் தொழிலாளருக்கு நிறுவனம் தரும், ஒரே கூரையின்கீழ் பிரிக்கப்பட்ட வரிசை வீடு. வேலை போனால் வீடும் போகும் என்பதே அதன் இயல்பு. டாடா டீயோ வேறு வழியைத் தேர்ந்தது. 2000ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் டெட்லியை வாங்கியதன் மூலம், தேயிலையை விளைவிப்பதைவிட அதைப் பெயரிட்டு விற்பதில்தான் ஆதாயம் என்னும் முடிவுக்கு அது வந்திருந்தது. எனவே 2005 ஏப்ரல் 1ஆம் நாள் முதல் மூணாற்றின் தோட்டங்களில் பெரும்பகுதி, தொழிலாளரும் அலுவலரும் பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருக்கும் கண்ணன் தேவன் மலைத்தோட்ட நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் பங்குதாரர் ஆயினர். உழைப்பவரே உடைமையாளரானால் விளைச்சலும் கூடும், ஆதாயமும் பகிரப்படும் என்னும் எதிர்பார்ப்போடு இம்முயற்சி நாடெங்கும் பேசப்பட்டது. மற்ற இடங்களில் தோட்டங்கள் மூடிக்கிடந்தபோது மூணாறு மூடவில்லை என்பதும் மறுக்க முடியாதது.

ஆனால் பங்கு வேறு, அதிகாரம் வேறு என்பது பத்தாண்டுகளில் வெளிப்பட்டது. 2015ஆம் ஆண்டு விலைச்சரிவைக் காட்டி போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, நாள்கூலி 232 ரூபாய் பெற்றுவந்த ஆயிரக்கணக்கான கொழுந்து பறிக்கும் பெண்கள் செப்டம்பரில் மூணாற்றில் சாலையில் அமர்ந்தனர். பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற அவ்வெழுச்சி, நிர்வாகத்தை எதிர்த்த அளவுக்குத் தங்கள் பெயரால் பேசிவந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் எதிர்த்தது. சட்டமுறைப்படியான போனசும் கருணைத் தொகையும் சேர்ந்து 20 விழுக்காடு என்று ஒன்பது நாள்களில் உடன்பாடு ஏற்பட்டது; அடுத்த மாதம் நாள்கூலி 301 ரூபாய் ஆயிற்று. அவர்கள் கேட்டதோ 500. பெயரளவில் தாமே உடைமையாளராக இருந்த ஒரு நிறுவனத்தை எதிர்த்துத் தெருவில் உட்கார வேண்டிய நிலை அப்பெண்களுக்கு ஏன் வந்தது? தனித்தனியாகச் சிதறிக் கிடந்த சிறு பங்குகளுக்கு, நிர்வாகக் குழுவில் கொழுந்தின் அளவையும் லயத்தின் கூரையையும் பேசும் குரலாகத் திரளும் போதிய வழி அமையவில்லை என்பதே இதற்கு விடை. உடைமையைப் பகிர்ந்தவர்கள் முடிவெடுப்பதைப் பகிரவில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தேயிலையின் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் கூலியும் தொழிலாளர் நலச் செலவுகளுமே. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம் ஆகியவற்றையும் நிறுவனத்தின் தலையில் வைத்தது. ஏலச்சந்தையில் விலையைத் தீர்மானிக்கும் வலிமை இல்லாத தோட்டம், கூலியை உயர்த்தியதும் நட்டத்தில் விழும் என்று நிர்வாகத்தினர் கூறுவதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் கூலியை ஒடுக்கிக் காக்கப்படும் போட்டித்திறன் எவ்வளவு நாள் தாங்கும் என்பதை மூணாற்றின் லயங்களே காட்டுகின்றன. படித்த பிள்ளைகள் மலையிறங்கிச் செல்ல, கொழுந்து பறிக்க ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து ஆள் வரவழைக்கப்படுகிறது. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது எழுபது பேர் மாண்டனர். கயத்தாறு, கோவில்பட்டிப் பகுதிகளில் வேர் கொண்ட குடும்பங்கள் பல தலைமுறைகளோடு ஒரே இரவில் அழிந்தன. மழை பெருகி வரும் மலைச்சரிவில் யார் எங்கே குடியிருக்க வைக்கப்படுகிறார்கள் என்பதும் உற்பத்திச் செலவைப் பற்றிய கேள்விதான். அதற்கு அந்த எழுபது உயிர்கள் விடை தந்திருக்க வேண்டியதில்லை.

மூணாற்றுக்குத் தெற்கே உடும்பன்சோலை, வண்டன்மேடு, குமுளிப் பக்கங்களில் ஏலக்காய் வேறொரு வகையில் இதே பாடத்தைச் சொல்கிறது. கம்பம், கூடலூர், போடிப் பகுதிகளிலிருந்து கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக ஜீப்புகளில் நாள்தோறும் மலையேறும் கூலியாட்கள் பறிக்கும் காய், புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் விலைபோகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிருந்து சென்ற பயிரைக் கொண்டு குவாத்தமாலா இந்தியாவை முந்தி உலகின் முதன்மை உற்பத்தியாளராகிவிட்டது. பின்னர் இடுக்கி உழவர் ஒருவர் தேர்ந்தெடுத்து உருவாக்கிய ஞள்ளானி வகை விளைச்சலைப் பன்மடங்காக்கியது. அறிவியல் நிலையங்கள் பல இருந்தும் பெரும் பாய்ச்சல் ஒரு தோட்டக்காரரின் கண்ணிலிருந்து வந்தது நினைக்கத்தக்கது. ஆனால் மிகுவிளைச்சலுக்காக நிழல் மரங்கள் கழிக்கப்பட்டன, பூச்சிமருந்து அடிப்பு அடிக்கடி நிகழ்ந்தது, விளைவாகச் சவூதி அரேபியா போன்ற நாடுகளில் எச்ச வரம்பைக் காட்டிச் சரக்கு மறுக்கப்பட்டது. எச்ச வரம்பு என்பது உணவுப் பொருளில் தங்கியிருக்கலாம் என்று வாங்கும் நாடு அனுமதிக்கும் பூச்சிமருந்தின் உச்ச அளவு. முந்தைய ஆண்டின் பெருவெள்ளத்துக்குப் பின் விளைச்சல் குறைந்த 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறிய விலையும், 2024 கோடை வறட்சியில் கருகிய தட்டைகளும், நிழலிழந்த ஏலத்தோட்டம் வானிலையின் கையில் எவ்வளவு சிக்கியிருக்கிறது என்பதைக் காட்டின. மண்ணையும் நிழலையும் காப்பது இங்கே அறம் மட்டும் ஆகாது. விற்க வேண்டுமானால் அதுவே வழி.

இந்நிலையில் பாலக்காட்டுக்கு அடுத்த பெரிய வாய்ப்பு வந்திருக்கிறது. சென்னை – பெங்களூரு தொழிற்பெருவழியைக் கோயம்புத்தூர் வழியாகக் கொச்சிவரை நீட்டும் திட்டத்தின்கீழ், புதுசேரி ஊராட்சிப் பகுதியில் 1,710 ஏக்கரில் 3,806 கோடி ரூபாய்ச் செலவில் தொழில் நகரம் ஒன்றை அமைக்க நடுவண் அமைச்சரவை 2024 ஆகஸ்ட் 28ஆம் நாள் ஒப்புதல் அளித்தது. சிறு, குறு தொழில்களை முன்னுரிமம் இன்றியே தொடங்கி மூன்றாண்டுகளுக்குள் உரிமங்களைப் பெற்றுக்கொள்ளலாம் எனக் கேரளம் 2019இலேயே சட்டம் இயற்றியிருந்தது; மாசு மிகுந்த சிவப்பு வகைத் தொழில்களுக்கு அச்சலுகை இல்லை. வேலைக்காக வளைகுடாவுக்கும் பெங்களூருக்கும் செல்லும் இளைஞர்களுக்கு உள்ளூரிலேயே தொழில் வேண்டும் என்பதில் ஐயம் இல்லை. தொழிலே வேண்டா என்று பாலக்காட்டு மக்கள் ஒருபோதும் சொன்னதும் இல்லை.

அவர்கள் கேட்கக் கற்றிருப்பது நீரைப் பற்றி. 2025 தொடக்கத்தில், அண்டை ஊராட்சியான எலப்புள்ளியில் எத்தனால், மது ஆலை அமைக்கும் ஒரு தனியார் திட்டத்துக்கு மாநில அமைச்சரவை முதற்கட்ட ஒப்புதல் அளித்தபோது, நிறுவனம் மழைநீர்ச் சேமிப்பைப் பற்றி விளக்கம் தர வேண்டியதாயிற்று. 2000ஆம் ஆண்டில் பிளாச்சிமடையில் அப்படியொரு விளக்கத்தை எவரும் கேட்டிருக்கவில்லை. புதுசேரியும் எலப்புள்ளியும் அடங்கிய மலம்புழா வட்டாரத்தை நடுவண் நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகள் நெருக்கடி நிலையில் உள்ளதாக வகைப்படுத்தியுள்ளன. அதாவது, ஆண்டுதோறும் நிலத்துக்குள் ஊறும் நீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்கெனவே இறைக்கப்படுகிறது. 1955இல் கட்டிமுடிக்கப்பட்ட மலம்புழா அணையின் நீரோ நெல்வயல்களுக்கும் பாலக்காடு நகரின் குடிநீருக்கும் ஒதுக்கப்பட்டது. புதிய நகரத்தின் ஒவ்வோர் ஆலையும் எவ்வளவு நீரை எங்கிருந்து எடுக்கும், ஒருமுறை பயன்படுத்திய நீரில் எவ்வளவைத் தூய்மைப்படுத்தி மீண்டும் பயன்படுத்தும், வறட்சி ஆண்டில் முதலில் யாருடைய பங்கு குறைக்கப்படும் என்பவற்றை நில ஒதுக்கீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதி, அன்றாட அளவீட்டை ஊராட்சி அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி வைப்பதற்கு எந்தப் புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை. ஓட்டத்தை அளக்கும் கருவிகளைச் சோதிக்கும் தேசிய நிலையம் கஞ்சிக்கோட்டிலேயே இருக்கிறது.